தவறான பலகைக்குக் கையெழுத்துப் போட்டது யார்?

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கடப்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கியதும் வேடந்தாங்கலுக்கு வண்டிகள் வர ஆரம்பிக்கும். பள்ளிக்கூட வேன்கள், குடும்பத்தோடு கார்கள், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் வரும் இளைஞர்கள் எனச் சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஊர் புதிது. ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது உள்ளூர்க்காரருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். வெளியூர்க்காரருக்கு அதைச் சொல்ல வேண்டியது சாலையோரப் பலகை. கையில் கைப்பேசி இருக்கிறதே என்று யாரும் சொல்லக் கூடாது. ஓட்டுகிறவரின் கண் கைப்பேசியில் அல்ல, சாலையில்தான் இருக்க வேண்டும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும். பலகையைக் கண்டு, படித்து, புரிந்து, பின்னால் வரும் வண்டியைப் பார்த்து, தடம் மாறுவதற்குள் சில நூறு மீட்டர் ஓடிவிடும். ஆகவே பலகை திருப்பத்துக்கு வெகு முன்பே நிற்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஊர்ப் பெயர் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் என்ன நடக்கிறது என்பதை நெடுஞ்சாலையில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். ஒருவர் திடீரென்று பிரேக் அடிக்கிறார். ஒருவர் இடக்கோடித் தடத்திலிருந்து வலக்கோடிக்கு வெட்டுகிறார். ஒருவர் திருப்பத்தைத் தவறவிட்டு, அடுத்த இடைவெளி எங்கே என்று தெரியாமல், சாலையோரமாக எதிர்த் திசையிலேயே திரும்பி வருகிறார். பின்னால் வந்த லாரிக்காரர் அவர் மீது மோதினால், போலீஸ் ஏட்டு முதல் தகவல் அறிக்கையில் எழுதும் சொற்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'. பலகை எங்கே நின்றது, அதில் என்ன எழுதியிருந்தது, இரவில் அது தெரிந்ததா என்று அந்த அறிக்கை கேட்பதில்லை.

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் விதிமீறல் வாரியாக ஓர் அட்டவணை உண்டு. அதிவேகம், குடிபோதை, எதிர்த் திசையில் ஓட்டியது, சிவப்பு விளக்கைத் தாண்டியது, கைப்பேசி என்று போகும். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 71.2 விழுக்காட்டினர் அதிவேகத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் இருப்பவை எல்லாம் ஓட்டுகிறவரின் பிழைகள். சாலை போட்டவரின் பிழைக்கும் பலகை நட்டவரின் பிழைக்கும் அங்கே கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத பிழை கணக்கில் வராது. கணக்கில் வராத பிழையை யாரும் திருத்த மாட்டார்கள். வேகமாக ஓட்டுகிறவர்களை நாம் காப்பாற்ற வரவில்லை. அவர்கள் கொலைக்கு ஒப்பான காரியத்தைச் செய்கிறார்கள். ஆனால் ஒரு தரப்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு மறு தரப்பை விசாரிக்காமலே விடுவதை நீதி என்று ஒப்புக்கொள்ள முடியாது.

சட்டத்தைப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 119-ஆம் பிரிவு, சாலைக் குறிகளுக்குக் கீழ்ப்படிவது ஓட்டுநரின் கடமை என்கிறது. மீறினால் அபராதம். 116-ஆம் பிரிவு, பலகையை யாரும் அகற்றவோ மாற்றவோ சிதைக்கவோ கூடாது என்கிறது. தற்செயலாக ஒருவர் வண்டி மோதிப் பலகை சேதமானால்கூட 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் போய்ச் சொல்ல வேண்டும். குடிமகனுக்கு 24 மணி நேரக் கெடு வைத்த அந்தப் பிரிவு, சாய்ந்த பலகையைத் துறை எத்தனை நாளில் நிமிர்த்த வேண்டும் என்று ஒரு கெடுவும் வைக்கவில்லை. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது 198-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலை வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் விதிக்கப்பட்ட தரத்தைக் காக்கத் தவறி, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஆலோசகருக்கோ அபராதம் விதிக்கலாம். உச்ச வரம்பு ஒரு லட்சம் ரூபாய். உயிர் போன பிறகுதான் அந்தப் பிரிவு கண்ணைத் திறக்கும். அதுவரை பலகை எவ்வளவு பிழையாக நின்றாலும் அது யார் மீதும் பாயாது.

பிழைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதோடு நாம் நகர்ந்துவிடுவதால்தான் அவை அப்படியே நிற்கின்றன.

முன்பெல்லாம் பெயிண்டர் தகரத்தில் அளவு பிடித்துக் கையால் எழுதினார். இப்போது கணினியில் அடித்து, ஸ்டிக்கர் கட்டிங் இயந்திரத்தில் வெட்டி, ஒளி திருப்பும் தாளில் ஒட்டுகிறார்கள். இரவில் வண்டி வெளிச்சம் பட்டதும் மின்னும் இந்தத் தாள் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் வெட்டுகிற மென்பொருள் பலவற்றுக்குத் தமிழ் தெரியாது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கண்ணுக்கு எழுத்தின் முன்னால் நிற்பவை. யூனிகோடில் சேமிக்கும்போது அவை எழுத்துக்குப் பின்னால்தான் பதிவாகும். முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் ஒட்டினால் கொம்பு பின்னால் போய் விழுகிறது, புள்ளி மெய்யை விட்டு விலகிப் பக்கத்து எழுத்தின் தலையில் ஏறுகிறது. அச்சகத்தில் இதை 'ஃபாண்ட் உடைஞ்சு போச்சு' என்பார்கள். செங்கல்பட்டு, வேடந்தாங்கல், கோவளம், கேளம்பாக்கம், மேல்மருவத்தூர், கொடூர் என்று இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் கொம்பில் தொடங்குபவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிழை திருத்துவதற்கு ஒரு நிமிடம் போதும். வெட்டுகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது வாங்கிக்கொள்கிற பொறியாளர் பலகையை ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டும் நடக்காததால்தான் உடைந்த எழுத்தோடு பலகை கம்பத்தில் ஏறுகிறது. பில்லில் கையெழுத்தாகிறது. பணம் பட்டுவாடா ஆகிறது. அந்தக் கையெழுத்துதான் குற்றம் நிகழ்ந்த இடம் என்று நாம் சொல்கிறோம்.

நீளமான பெயர்களுக்கு நேரும் கொடுமை இன்னொன்று. திருக்கழுக்குன்றம் என்ற பெயரில் பத்து எழுத்துகள். தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய அதே அகலத்துக்குள் அடக்க வேண்டும் என்பதற்காகப் பக்கவாட்டில் நெருக்குகிறார்கள். கழுக்குன்றத்தின் புள்ளிகள் காணாமல் போகின்றன. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பகலில் நின்று பார்த்தால் படிக்கலாம். ஓடும் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து, மழையில், இரவில், படிக்க முடியாது. ஆங்கிலம் தெரியாத ஓட்டுநருக்கு இருக்கிற ஒரே துணையை இப்படிப் பறித்துவிடுகிறோம். இங்கிலாந்தில் 1950களின் கடைசியில் ஜாக் கின்னெயரும் மார்கரெட் கால்வெர்ட்டும் புதிய நெடுஞ்சாலைப் பலகைகளை வடிவமைத்தபோது, ஒரு விமானத் தளத்தில் ஆட்களை உட்கார வைத்து, பலகையைக் காரின் கூரையில் கட்டி அவர்களை நோக்கி ஓட்டிவந்து, எத்தனை தூரத்தில் எழுத்து படிக்கக் கிடைக்கிறது என்று சோதித்தார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. தமிழ் எழுத்தைப் பலகையில் எந்த வடிவத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் எழுதினால் ஓடும் வண்டியிலிருந்து படிக்கலாம் என்று முறையாகச் சோதித்து, முடிவை அரசு விதியாகவே அறிவிக்கலாம். கடைப் பெயர்ப்பலகையில் தமிழும் ஆங்கிலமும் பிற மொழியும் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று வணிகருக்கு விதி போட்ட அரசு இது. தன் பலகைக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இதைப் பற்றி யோசித்தவர்கள் இருந்தார்கள். தருமபுரிப் பக்கத்தில் அதியமான் பெருவழியின் காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. நாவல் தாவளம் என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்பதைச் சொல்லும் கற்கள். தூரத்தை எழுத்தில் பொறித்தவர்கள், எண்ணிலும் பொறித்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கல்லைத் தடவி அறியும்படி, பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி என்று குழிகளாகவும் குடைந்து வைத்தார்கள். யாருக்காக அந்தக் குழிகள்? பொதிமாட்டோடு நடந்த வணிகனின் கூலியாளுக்காக, இருட்டில் வந்து சேர்ந்தவனுக்காக, கண் மங்கிய கிழவருக்காக. வழி சொல்கிறவன், வழி தெரியாதவர்களில் கடைசி ஆளையும் மனத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கல்லில் இருக்கிறது. உளியைத் தவிர வேறு கருவி இல்லாதவர்களுக்கு அந்த அக்கறை இருந்தது. கணினியும் கோடிக்கணக்கான ரூபாயும் கையில் வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்றால், பற்றாக்குறை கருவியில் இல்லை.

ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து இன்னொரு குழப்பம். ஒரே ஊருக்கு ஒரே சாலையில் மூன்று எழுத்துமுறை இருந்தால் வெளிமாநிலத்தவர் மூன்று ஊர் என்று நினைப்பதில் வியப்பில்லை. மாமல்லபுரம் என்றும் மகாபலிபுரம் என்றும் இரண்டு பெயர் வழங்குவது வேறு. அதற்கு வரலாறு உண்டு. மதுராந்தகத்தின் நடுவில் ஓரிடத்தில் 'எச்' வருவதும் ஓரிடத்தில் வராததும், 'க'வுக்கு ஒரு பலகையில் 'கே' என்றும் அடுத்ததில் 'ஜி' என்றும் எழுதுவதும் வரலாறு இல்லை, கவனக்குறைவு. 2020-ல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. எழுத்துகளை அடுக்கி நீட்டிய முறையைப் பற்றிக் கடும் விமர்சனம் எழுந்ததும் அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் சரியானது. செய்த விதம் அவசரமானது. ஆனால் அவசரத்தைத் திருத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்க வேண்டும். ஆணையைத் திரும்பப் பெற்றதோடு கடமையையும் சேர்த்துத் திரும்பப் பெற்றுக்கொண்டதை ஏற்க முடியாது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஓர் ஆங்கில எழுத்துமுறை, அதையே எல்லாத் துறைகளும் பின்பற்ற வேண்டும் என்பது இத்தனை ஆண்டுகளாக முடியாத காரியமாக இருக்கக் காரணமே இல்லை.

சாலை எண்ணுக்கும் இதே கதி. பழைய 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, 2010-ல் எண்களை மாற்றியபோது சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32 ஆனது. பேச்சிலும் கடை முகவரியிலும் இன்றும் அது 45 தான், இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. ரோடு. மக்கள் பழகிய பெயரைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் விபத்தில் அடிபட்டவருக்காக 108-ஐயோ நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐயோ அழைப்பவரிடம், 'எந்த ரோடு, எந்தக் கிலோமீட்டர் கல் பக்கத்துல?' என்றுதான் கேட்பார்கள். அந்த நேரத்தில் கல் இருக்க வேண்டும். அதில் எண் அழியாமல் இருக்க வேண்டும். அந்த எண் சரியாக இருக்க வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போட்ட கல்லைத் திரும்ப நடாமல் போனவர், யாரோ ஒருவரின் உயிரிலிருந்து சில நிமிடங்களை எடுத்துக்கொண்டு போனார். கடுமையாகப் பேசுகிறோம் என்று தோன்றலாம். ஆம்புலன்ஸுக்காகச் சாலையில் காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் இது கடுமையாகத் தோன்றாது.

2017 மார்ச் கடைசியில் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தேசிய நெடுஞ்சாலை மைல்கற்களில் ஆங்கிலத்தை அழித்து இந்தியில் எழுதியபோது தமிழ்நாடு கொதித்தது. கட்சிகள் அறிக்கை விட்டன. அது நியாயமான கோபம். அந்தக் கற்களில் இந்தி மட்டும் படிக்கத் தெரிந்தவருக்காகப் பிற மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் இருந்த வழி அடைக்கப்பட்டது. அதே கற்களில் தமிழ் பிழையாக எழுதப்பட்டிருக்கும்போது மட்டும் நமக்கு அந்தக் கோபம் வருவதில்லை. பிறர் நம் மொழியைத் தள்ளினால் எழுகிறோம், நாமே அதைச் சிதைத்து எழுதினால் கடந்து போகிறோம். தமிழுக்கு இந்த அநீதியைச் செய்பவர்களில் தமிழ்நாட்டு அலுவலகங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் மொழிப்பற்றைப் பற்றிப் பேசுவதில் நேர்மை இல்லை.

பலகை எழுத்து எவ்வளவு ஆழமான காயத்தை உண்டாக்கும் என்பதற்கு இலங்கையைவிட வேறு சாட்சி தேவையில்லை. 1958-ல் வாகனங்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறித்ததை எதிர்த்துத் தமிழர் அதை அழித்தார்கள். மறுபக்கம் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. அந்த ஆண்டிலேயே கலவரம் வெடித்தது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987-ல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகும், 2021 மே மாதத்தில் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் மின் நூலகத்தில் சிங்களம், ஆங்கிலம், சீனம் மூன்றிலும் பெயர் பொறித்த பலகையில் தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்ததும் பலகையை அகற்றினார்கள். பிழையான பலகை, விடுபட்ட மொழி இரண்டும் படிக்கிறவரிடம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: உன்னை எண்ணிப் பார்த்து இதை நாங்கள் எழுதவில்லை.

சிங்கப்பூரில் 2014-ல் நடந்தது சிறிய விஷயம்தான், ஆனால் நமக்குப் பாடம். லாவ் பா சாட் என்ற புகழ்பெற்ற பழைய அங்காடிக்கு வழிகாட்டும் பலகையில், பெயரின் கடைசித் துண்டை ஆங்கிலச் சனிக்கிழமையின் சுருக்கம் என்று கொண்டு தமிழில் 'சனி' என்று எழுதிவிட்டார்கள். தமிழர்கள் சுட்டிக்காட்டியதும் சுற்றுலாக் கழகம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது, பலகையை மாற்றியது. தவறு எங்கும் நேரும். தவறுக்குப் பிறகு அரசு என்ன செய்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். இங்கே தவறைச் சுட்டிக்காட்ட நினைப்பவருக்கு முதல் சிக்கலே, யாரிடம் சொல்வது என்பது. வேடந்தாங்கலுக்கு வருகிறவர் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சாலையில் வந்து, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் திரும்பி, ஊருக்குள் ஊராட்சிச் சாலையில் நுழைந்து, வனத்துறையின் வாசலில் இறங்குகிறார். இடையில் சுற்றுலாத் துறையின் பலகை ஒன்று, காவல்துறை வைத்த தட்டி ஒன்று. எதிலும் தொலைபேசி எண் இல்லை. கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

இத்தனையிலும் மிகக் கடுமையாகக் கண்டிக்க வேண்டிய பலகை, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாதது. 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை. மத்திய அரசின் வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நடந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால், அது கரும்புள்ளி. அந்த இடத்தில் சாலையின் வளைவு சரியில்லையா, வெளிச்சம் போதவில்லையா, ஊர் மக்கள் கடக்க வழியில்லையா என்று கண்டறிந்து சாலையைத் திருத்த வேண்டும். திருத்தும் வரைக்கும் எச்சரிக்கைப் பலகை இருக்கட்டும். ஆனால் பலகையை நட்டதோடு வேலை முடிந்தது என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் பலகைக்கு என்ன பொருள்? இங்கே மக்கள் சாகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும் என்று அரசே எழுதிக் கையெழுத்திட்டு வைத்த வாக்குமூலம் அது. தெரிந்தே விட்டதைத் தெரியாமல் நேர்ந்ததோடு ஒப்பிட முடியாது. 198-ஏ பிரிவின் கீழ் வழக்கு நடந்தால் அந்தப் பலகையையே முதல் சான்றாக வைக்கலாம்.

இதன் மறுபக்கம், தேவை முடிந்தும் அகற்றாத பலகைகள். பாலம் கட்டி முடித்த பிறகும் 'வேலை நடைபெறுகிறது, 20 கி.மீ. வேகம்' என்று நிற்கும் தட்டி. மாற்றுப்பாதை மூடிய பிறகும் அதற்கு வழிகாட்டும் அம்புக்குறி. இவை யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று தோன்றும். ஆனால் தினமும் அந்த வழியில் போகும் ஓட்டுநர் 20 என்று எழுதியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம் என்று கற்றுக்கொள்கிறார். 'புலி வருது' என்று கத்திய பையனின் கதை எல்லோரும் அறிந்தது. நாளை பள்ளிக்கூட வாசலில் மெய்யாகவே 20-இல் போக வேண்டிய இடத்தில் அவர் அந்த எண்ணை நம்ப மாட்டார். பொய்ப் பலகை நிற்கும் ஒவ்வொரு நாளும் மெய்ப் பலகையின் மதிப்பு குறைகிறது. பலகை மீது 'கண்ணீர் அஞ்சலி'யும் டியூஷன் விளம்பரமும் ஒட்டுகிறவர்களும் இதே குற்றத்தில் பங்காளிகள். பொது இடங்களைச் சீர்குலைப்பதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு கட்சிகள் எல்லாம் இனிப் பேனர் வைக்க மாட்டோம் என்றன. அந்த வாக்கு எத்தனை நாள் நின்றது என்பதைச் சாலையில் போகிறவர்கள் அறிவார்கள்.

வேடந்தாங்கலுக்கு எழுதிய வாக்கின் அருமை தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டு போய்ச் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுத்தில் கொடுத்தார். அதைக் கவுல் என்றார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சேர்ந்தன என்றால், அதற்கு அடிப்படை அந்தக் காகிதத்தை ஊர் மதித்த விதம்தான். தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. அங்கே 'ஹாரன் அடிக்காதீர்' என்ற பலகை உள்ளூர்க்காரருக்குத் தேவையில்லை, வருகிறவருக்குத்தான் தேவை. ஆகவே அது ஏரிக்கரையில் நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் நின்றால் போதாது. ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, சுற்றிவரும் எல்லாச் சாலைகளிலும், வேன் ஓட்டுநர் தமிழில் படிக்கும் அளவுக்குப் பெரிதாக, படத்தோடு நிற்க வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் ஒரு ஏர் ஹாரன் என்ன செய்யும் என்பதை வனத்துறையினருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் தீர்ப்பு இது. பிழையான பலகையை எழுதிய தொழிலாளி குற்றவாளி அல்லர். அவருக்குக் கொடுத்த தாளில் இருந்ததை அவர் வெட்டினார். படிக்காமலே ஏற்றுக்கொண்டு பணம் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவர் குற்றவாளி. பிழையைச் சுட்டிக்காட்டிய பிறகும் மாற்றாமல் விட்டவர் இரட்டைக் குற்றவாளி. சுங்கச்சாவடியில் காசு வாங்கிக்கொண்டு சாலையில் விடும் நிர்வாகத்துக்கு, சரியான வழியைச் சொல்வது சலுகை இல்லை, கடன்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் கூடுகிறது. 2019 நவம்பரில் பிறந்த செங்கல்பட்டு மாவட்டம் இதில் முன்கை எடுக்கட்டும். பறவைக் காலம் தொடங்கும் முன் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்தும் பிரியும் ஒவ்வொரு கூட்டு ரோட்டுக்கும் நெடுஞ்சாலை, காவல், வனம், சுற்றுலா, ஊராட்சி ஆகிய எல்லாத் துறையினரும் ஒன்றாகப் போகட்டும். தமிழாசிரியர் ஒருவரையும், இந்த வழியில் வண்டி ஓட்டிப் பழகிய பேருந்து ஓட்டுநர் ஒருவரையும், இந்தப் பக்கம் வந்தே இராத ஒருவரையும் உடன் அழைத்துக்கொள்ளட்டும். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பார்க்கட்டும். ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் அதற்கு ஓர் எண், அது நட்ட தேதி, ஏற்றுக்கொண்ட அதிகாரியின் பதவி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் இவற்றைப் பொறிக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள், ஆபத்தான பிழையானால், பலகையை மூடவாவது வேண்டும். குடிமகனுக்கு வைத்த கெடு துறைக்குப் பெரிய சுமையாக இருக்க முடியாது. விபத்து அறிக்கைப் படிவத்தில் பலகையின் நிலையைக் குறிக்க ஒரு கட்டத்தை மாநில அரசு சேர்க்க வேண்டும். பலகை தவறு என்று எழுத்தில் தெரிவித்த பிறகும் அதை மாற்றாமல் விட்ட இடத்தில் ஓர் உயிர் போனால், முதல் தகவல் அறிக்கையில் ஓட்டுநரின் பெயருக்குக் கீழே அந்த அதிகாரியின் பெயரும் எழுதப்பட வேண்டும்.